பணம் வாராக் காசோலை: வழக்கு எந்த ஊர் மன்றத்திற்கு உரியது?

தஞ்சாவூரில் நெல் வணிகர் ஒருவர் இருக்கின்றார் என்று கொள்வோம். மும்பையிலுள்ள மொத்த வணிகர் ஒருவர் அவரிடம் அரிசி வாங்கினார். விலைக்கு ஈடாகத் தம் மும்பை வங்கிக் கிளையின்மேல் காசோலை ஒன்று எழுதித் தந்தார். தஞ்சாவூர் வணிகர் அதனைத் தம் ஊர் வங்கியில் செலுத்தினார். கணக்கில் போதிய பணமில்லை என்ற குறிப்போடு காசோலை திரும்பி வந்தது. அவர் சென்னை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, பணத்தைச் செலுத்துமாறு அறிவிப்பு அனுப்பினார். பணம் வரவில்லை. இனி வழக்கிட வேண்டும். எங்கே? காசோலை எழுதியவரின் மும்பையிலா? பெற்றவரின் தஞ்சாவூரிலா? அறிவிப்புப் புறப்பட்ட சென்னையிலா?

பார்வைக்கு இஃது எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும் இந்தியாவில் இவ்வொரு வினாவிற்கு 1999ஆம் ஆண்டில் ஒரு விடையும், 2014ஆம் ஆண்டில் அதற்கு மாறான விடையும், 2015ஆம் ஆண்டில் இரண்டிற்கும் வேறான மூன்றாம் விடையும் தரப்பட்டன. அவை ஏன் மாறின என்பதையும், இன்று நின்று நிலவும் விடை யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவருள் பலர்க்குத் தமிழகத்தில் வங்கிக் கணக்கும், நிலபுலமும், உறவினரோடு கொடுக்கல் வாங்கலும் உண்டு. ஆதலின் இச்செய்தி நமக்கும் வேண்டுவதே.

குற்றம் ஆன வரலாறு

இந்தியாவில் காசோலை, உறுதிச் சீட்டு முதலியவற்றை ஆளும் சட்டம் 1881ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்பது அதன் பெயர். அச்சட்டம் தோன்றி நூறாண்டு கடந்தும், காசோலை பணமின்றித் திரும்புதல் தனிக் குற்றமாக எண்ணப்படவில்லை. பணம் இழந்தவர் உரிமையியல் மன்றத்தில் கடன் வழக்குத் தொடுக்கலாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என மெய்ப்பிக்க முடியுமாயின் மோசடிக் குற்றம் சாட்டலாம். இவ்வளவே வழி. காசோலையை மக்கள் நம்பி ஏற்க வேண்டுமாயின் இது போதாது எனக் கருதிய நாடாளுமன்றம், 1988ஆம் ஆண்டில் ஒரு திருத்தச் சட்டம் இயற்றி, 138ஆம் பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. அஃது 1989ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அப்பிரிவின் படிகளை முறையாக அறிந்துகொண்டால் மேற்செல்வது எளிது. காசோலை, கடன் அல்லது சட்டப்படி செலுத்தற்குரிய பொறுப்பு ஒன்றிற்காகத் தரப்பட்டிருக்க வேண்டும். அது செல்லுபடியாகும் காலத்திற்குள் வங்கிக்கு வர வேண்டும். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்காலம் மூன்று மாதம் ஆகும். திரும்பிய செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள், பணம் கேட்டு எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுதியவர் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்கு இல்லை. செலுத்தாவிடில், அதற்கு மேல் ஒரு மாதத்திற்குள் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மன்றத்தில் முறையீடு செய்ய வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால் ஈராண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். தொடக்கத்தில் சிறைக் காலம் ஓராண்டாகவும், அறிவிப்பிற்குரிய காலம் 15 நாளாகவும் இருந்தன. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை இவ்வாறு நீட்டியது.

எத்தகைய மன்றம் என்பதைச் சட்டம் சொல்லிற்று. எந்த ஊர் மன்றம் என்பதை மட்டும் சொல்லாது விட்டது. அவ்விடைவெளியிலிருந்தே பின்வந்த குழப்பம் அனைத்தும் பிறந்தது.

வினையும் நிலமும்

தனிச் சட்டம் வாய் திறவாதபோது பொதுச் சட்டத்தை நாட வேண்டும். குற்றம் எந்த எல்லைக்குள் நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய மன்றமே அதனை விசாரிக்கும் என்பது இந்தியக் குற்றவியல் நடைமுறையின் பொது விதி. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 177ஆம் பிரிவாக இருந்தது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 197ஆம் பிரிவாக இருக்கின்றது. ஒரு குற்றம் பல இடங்களில் செய்த பல செயல்களால் ஆனதாயின், அவ்விடங்களுள் எதன் மன்றமும் விசாரிக்கலாம் என்பது அதனை அடுத்த பிரிவு.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் நன்னூல் நினைவிற்கு வரும். தெரிநிலை வினை, செய்பவனையும் கருவியையும் காலத்தையும் காட்டுவதோடு நிலத்தையும் காட்டும் என்று பவணந்தியார் வகுத்தார். ‘குயவன் குடம் வனைந்தான்’ என்றால், வனைந்த நிலம் இன்னதென அறிவது எளிது. வனைதல் என்பது ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் தொழில். காசோலைக் குற்றம் அத்தகையதன்று. ஓர் ஊரில் எழுதி, வேறோர் ஊரில் கொடுத்து, மூன்றாம் ஊரில் செலுத்தி, நான்காம் ஊரிலுள்ள வங்கி மறுத்த பின்னர், ஐந்தாம் ஊரிலிருந்து அறிவிப்பும் செல்லலாம். இவற்றுள் எது வினை? எது வினைக்கு முன்னும் பின்னும் வரும் துணைச்செயல்? இதனைத் தெளிந்தாலன்றி நிலத்தைச் சுட்ட இயலாது. நீதியரசர்கள் கருத்து வேறுபட்டதும் இவ்விடத்திலேதான்.

முதல் விடை: ஐந்து செயல், ஐந்து ஊர்

1999ஆம் ஆண்டில், கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில், நீதியரசர் கே. டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு முதல் விடையைத் தந்தது. இக்குற்றம் ஐந்து செயல்களின் தொகுதி என்பது அத்தீர்ப்பின் கருத்து. காசோலையை எழுதுதல், வங்கியில் செலுத்துதல், பணம் தரவேண்டிய வங்கி அதனைத் திருப்புதல், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தல், 15 நாளில் பணம் செலுத்தாது விடுதல் ஆகியன அவை. இவ்வைந்தும் ஓரூரில் நிகழ வேண்டும் என்பதில்லை; எந்த ஊரில் எது நிகழ்ந்திருப்பினும் அவ்வூர் மன்றம் வழக்கை ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

பணம் இழந்த எளியவர்க்கு இவ்விடை பெரிதும் துணை செய்தது. நம் தஞ்சாவூர் வணிகர் தம் ஊரிலேயே வழக்கிடலாம். ஆனால் வலியவர் கையில் அதே விடை வேறு வகையாகப் பயன்பட்டது. நாடெங்கும் கடன் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், கடனாளி எங்கிருப்பினும், தம் தலைமையிடத்திலிருந்து அறிவிப்பை அனுப்பின. அனுப்பிய ஊரிலேயே வழக்கும் இட்டன. சிறு கடைக்காரர் ஒருவர், தாம் ஒருநாளும் கண்டிராத நகரத்து மன்றத்தில், ஒவ்வொரு தவணைக்கும் போய் நிற்க வேண்டியதாயிற்று. வழக்கில் வெல்வதும் தோற்பதும் பிறகு. போக்குவரவே அவரைத் தோற்கடித்துவிடும்.

இதனைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கடிவாளம் இட்டது. அவ்வழக்கில் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது சண்டிகரில். காசோலை திரும்பியதும் சண்டிகரில். அறிவிப்பு மட்டும் தில்லியிலிருந்து புறப்பட்டது. அறிவிப்பை அனுப்பியதனால் மட்டும் தில்லி மன்றத்திற்கு அதிகாரம் உண்டாகாது என்று தீர்ப்பாயிற்று. அறிவிப்பைப் பெறுதலே பொறுப்பை உண்டாக்குகின்றது; எழுதி அஞ்சலில் இடுதல் அன்று என்பது காரணம்.

இரண்டாம் விடை: மறுத்த வங்கியின் ஊர்

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மூன்று நீதியரசர் கொண்ட அமர்வு முதல் விடையையே மாற்றியது. அவர்கள் 138ஆம் பிரிவை ஓர் இலக்கணத் தொடரைப் பகுப்பதுபோல் பகுத்தனர். போதிய பணமின்மையால் எழுதியவரின் வங்கி காசோலையைத் திருப்புகின்ற அந்த நொடியிலேயே குற்றம் முற்றுப் பெறுகின்றது. பின்வரும் அறிவிப்பும், 15 நாள் தவணையும், செலுத்தாமையும் குற்றத்தின் உறுப்புகள் அல்ல. வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் விதித்த நிபந்தனைகள். அவை நிறைவேறாவிடில் வழக்கிட முடியாது. அவை நிறைவேறுவதனால் குற்றத்தின் இடம் மாறுவதும் இல்லை. எனவே, பணம் தரவேண்டிய வங்கிக் கிளை எங்குள்ளதோ அந்த ஊர் மன்றமே உரியது. பிற ஊர்களுக்கு அதிகாரம் இல்லை.

தருக்க முறையில் நோக்கின் இவ்விடை கூர்மையானது. வினை முடியும் இடம் ஒன்றே ஆதலின் நிலமும் ஒன்றே ஆயிற்று. ஆனால் நடைமுறையில் விளைந்தது யாது? சாட்சி விசாரணைக் கட்டத்தை எட்டியிருந்த வழக்குகள் இருந்த இடத்திலேயே தொடரலாம் என விடப்பட்டன. ஏனைய வழக்குகளின் முறையீடுகள், உரிய மன்றத்தில் 30 நாட்களுக்குள் மீண்டும் இடும்பொருட்டு, திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியவை ஆயின. தஞ்சாவூர் வணிகர் இனி மும்பைக்குப் போக வேண்டும். அவருக்குப் பத்து ஊர்களிலிருந்து பத்துக் காசோலைகள் திரும்பியிருப்பின், பத்து ஊர்களுக்கும் போக வேண்டும். முன்னர்க் கடனாளி அலைந்தார். இப்போது கடன் கொடுத்தவர் அலையலானார். ஐயாயிரம் ரூபாய்க் காசோலைக்காக ஆயிரம் கல் தொலைவு எவர் செல்வார்? செல்லார் என்பதை அறிந்தவன் காசோலை எழுத அஞ்சுவானா?

வேறொரு சிக்கலும் இருந்தது. காசோலைத் தாளே ஊர்விட்டு ஊர் பயணம் செய்த காலம் மறைந்து வந்தது. காசோலையின் மின்னணு உருவப்படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு காணும் முறை 2008ஆம் ஆண்டில் தில்லி வட்டாரத்திலும், 2011ஆம் ஆண்டில் சென்னையிலும் தொடங்கிவிட்டது. எல்லாக் கிளைகளிலும் பணம் பெறத்தக்க காசோலைகளும் பெருகின. இந்நிலையில், காசோலை சென்று சேர்ந்த இடம் எது, மறுக்கப்பட்ட இடம் எது என்பனவே ஐயத்திற்குரியவை ஆயின.

மூன்றாம் விடை: கணக்கு உள்ள கிளை

இதன்பின் சட்டம் இயற்றுவோரே முன்வந்தனர். 2015ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. செப்டம்பரில் அதனைத் தொடர மற்றோர் அவசரச் சட்டம் வந்தது. ஆண்டு முடியுமுன் நாடாளுமன்றம் அதனை முழுச் சட்டமாக்கி, சூன் 15ஆம் நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளச் செய்தது. 142ஆம் பிரிவில் சேர்ந்த புதிய உட்பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகின்றது.

முதல் நிலை: பெறுநர் தம் கணக்கின் வழியாகப் பணம் திரட்டுமாறு காசோலையைத் தம் வங்கியில் கொடுத்தால், அவருடைய கணக்கு எந்தக் கிளையில் உள்ளதோ, அந்தக் கிளை இருக்கும் ஊர் மன்றம் உரியது.

இரண்டாம் நிலை: கணக்கின் வழியாக அன்றி, பெறுநர் நேரே பணம் பெறும்பொருட்டுக் காசோலையைக் கொடுத்தால், எழுதியவரின் கணக்குள்ள கிளை இருக்கும் ஊர் மன்றம் உரியது.

இன்று பெரும்பாலான காசோலைகள் கணக்கில் மட்டும் செலுத்தத்தக்கவாறு குறுக்குக் கோடிட்டு வருவன. ஆதலின் முதல் நிலையே பெருவழக்கு. நம் தஞ்சாவூர் வணிகருக்கு விடை கிடைத்துவிட்டது: அவருடைய கணக்குத் தஞ்சாவூர்க் கிளையில் இருப்பதனால், தஞ்சாவூர் மன்றமே அவர் செல்ல வேண்டிய இடம். சென்னையிலிருந்து அறிவிப்புச் சென்றதும், மும்பை வங்கி பணம் மறுத்ததும் இதனை மாற்றா.

2015ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. சண்டிகர் வங்கியின்மேல் எழுதிய காசோலை ஒன்று இந்தூரில் செலுத்தப்பட்டுத் திரும்பியது. இந்தூர் மன்றமே அவ்வழக்கை விசாரிக்க உரியது என்று தீர்ப்பாயிற்று.

செலுத்திய கிளை வேறு, கணக்குள்ள கிளை வேறு

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் தவறுவதும் இதில்தான். கணக்கு ஓர் ஊரில் இருக்க, காசோலையை அதே வங்கியின் வேறோர் ஊர்க் கிளையில் செலுத்தினால் என்ன ஆகும்? காரைக்குடியில் கணக்கு வைத்திருப்பவர், சென்னைக்குச் சென்றபோது அங்குள்ள கிளையில் காசோலையைச் செலுத்துகின்றார் என்போம். சட்டத்தின் விளக்கவுரை இதற்கு நேரே விடை கூறுகின்றது. தம் வங்கியின் எந்தக் கிளையில் கொடுத்தாலும், கணக்குள்ள கிளையில் கொடுத்ததாகவே கொள்ளப்படும். எனவே வழக்கு காரைக்குடிக்கு உரியது, சென்னைக்கு உரியதன்று.

2025ஆம் ஆண்டு சூலையில் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த வழக்கு இத்தகையதே. பெறுநரின் கணக்கு மங்களூரில் இருந்தது. காசோலைகளை அவர் மும்பைக் கிளை ஒன்றில் செலுத்தினார். மங்களூர் நடுவர், இஃது எம் எல்லைக்கு உட்பட்டதன்று என முறையீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கருநாடக உயர் நீதிமன்றமும் அதற்கு உடன்பட்டது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாற்றி, கணக்கு மங்களூரில் இருப்பதனால் மங்களூர் மன்றமே உரியது என்றது. சட்டம் திருந்திப் பத்தாண்டு ஆன பின்னும் நடுவர் மன்றமும் உயர் நீதிமன்றமும் மயங்கின என்றால், பொதுமக்கள் மயங்குவதில் வியப்பில்லை.

எழுதியவர்க்குப் பாதுகாப்பு யாது?

புதிய விதி பெறுநர் பக்கமே சாய்ந்துள்ளது என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையில் உண்மை உண்டு. பல ஊர்களில் கணக்கு வைத்திருக்கும் பெறுநர், தமக்கு ஏற்ற ஊர்க் கணக்கைத் தேர்ந்து அதில் செலுத்தக்கூடும். ஆனால் இதற்கு வரம்புகள் இரண்டு உள.

ஒன்று, 142அ என்னும் புதிய பிரிவு. ஒரே பெறுநர் ஒரே மனிதர்மேல் உரிய மன்றம் ஒன்றில் வழக்கிட்டுவிட்டால், அம்மனிதர்மேல் பின்னர்த் தொடுக்கும் காசோலை வழக்குகளையும் அங்கேயே தொடுக்க வேண்டும். பத்துக் காசோலைக்குப் பத்து ஊர்களில் வழக்கிட்டு அலைக்கழிக்க இயலாது.

மற்றொன்று, வழக்கை மாற்றும் அதிகாரம். நீதியின்பொருட்டு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்திற்குப் பொதுச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. காசோலைச் சட்டத்தின் புதிய விதி அவ்வதிகாரத்தைப் பறித்துவிட்டதா என்ற வினா எழுந்தது. பறிக்கவில்லை என்று 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நீதிமன்றம் விடையளித்தது. ஒரே கொடுக்கல் வாங்கலில் எழுந்த ஆறு காசோலைகளுக்காக நாகபுரியிலும் தில்லியிலும் பிரிந்து கிடந்த வழக்குகளை அது தில்லியில் ஒன்றுசேர்த்தது.

வெளிநாட்டில் வாழ்வோர் கருத வேண்டியவை

இந்தியக் காசோலை ஒன்று உங்கள் கணக்கிலிருந்து திரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கணக்கு எந்தக் கிளையில் பதிவாகியுள்ளது என்பதே. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அது காணப்படும். காசோலை, திருப்புச் சீட்டு, அறிவிப்பின் படி, அஞ்சல் சான்று ஆகியவற்றோடு அந்தப் பக்கத்தின் படியையும் வழக்கறிஞரிடம் கொடுத்தல் நன்று.

வழக்கிற்காக நீங்களே கடல் கடந்து செல்ல வேண்டும் என்பதில்லை. அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் உங்கள் சார்பில் முறையீடு செய்யலாம் என்றும், கொடுக்கல் வாங்கலைத் தாமே நேரில் அறிந்தவராயின் சாட்சியும் சொல்லலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தெளிவாக்கியது. ஆகவே பத்திரத்தை எவருக்கேனும் கொடுப்பதினும், அச்செய்தியை உடனிருந்து அறிந்தவர்க்குக் கொடுத்தலே பயன் தரும்.

காலக்கணக்கில் கருத்தாக இருத்தல் வேண்டும். தவறான ஊரில் முறையீடு செய்தால் அது திருப்பிக் கொடுக்கப்படும். அதற்குள் ஒரு மாதத் தவணை கழிந்துவிடும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்றம் பொறுக்கலாம். ஆனால் அது மன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. எளிதில் அறியக்கூடிய ஊர்ப்பெயரை அறியாமல் அந்நிலைக்கு ஆளாவது வீண்.

இவ்விதிகள் இந்திய நாட்டிற்கே உரியவை என்பதையும் நினைவிற் கொள்க. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய தனிக் குற்றப் பிரிவு இல்லை. இங்கே திரும்பிய காசோலை பெரும்பாலும் கடன் வழக்கிற்கே உரியது. ஏமாற்றும் எண்ணம் மெய்ப்படும் இடத்தில்தான் குற்றவியல் சட்டம் தலையிடும்.

விடைகள் கற்பிக்கும் பாடம்

2019ஆம் ஆண்டு முடிவில் இந்திய மன்றங்களில் நிலுவையிலிருந்த குற்ற வழக்குகள் 2 கோடியே 31 இலட்சம். அவற்றுள் 35 இலட்சத்திற்கு மேற்பட்டவை காசோலை வழக்குகளே. இத்துணைப் பேர்க்கும் ‘எந்த ஊர்’ என்பது வெறும் ஏட்டு வினா அன்று. ஒரு நாள் கூலியும், வண்டிச் சத்தமும், தங்கும் செலவும் அதில் அடங்கியுள்ளன.

முதல் விடை கதவுகளைப் பல ஊர்களில் திறந்தது. வலியவர் அவற்றைத் தம் விருப்பம்போல் ஆண்டனர். இரண்டாம் விடை ஒரே கதவை விட்டது. ஆனால் அது பணம் இழந்தவர்க்கு எட்டாத தொலைவில் இருந்தது. மூன்றாம் விடை, குற்றம் எங்கே முற்றுப்பெற்றது என்ற ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு, இரு தரப்பாரும் ஆவணத்தைப் பார்த்து அறியக்கூடிய ஓர் இடத்தைச் சுட்டியது. அது குறையே இல்லாத விடை அன்று. ஆயினும், வழக்கிடுமுன்னரே எவரும் ஐயமின்றி அறியத்தக்க விடை. பணம் இழந்து நிற்பவர்க்குச் சட்டம் செய்ய வேண்டிய முதல் உதவி, எந்த வாயிலைத் தட்டுவது என்பதைத் தெளிவாகச் சொல்லுவதே. 26 ஆண்டுக் காலம் சொல்லாது விட்ட அவ்வொரு சொல்லை, 2015ஆம் ஆண்டில் இந்தியச் சட்டம் சொல்லியிருக்கின்றது.